‘நம்ம ஆளுதான்’

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



லண்டன் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். டவர் பாலம், தேம்ஸ் நதி, பக்கிங்காம் அரண்மனை எல்லாவற்றையும் பார்த்தேன். அவற்றுக்கு என்னைவிட நல்ல வழிகாட்டிகள் யூடியூபில் இருக்கிறார்கள். நான் பேசப்போவது உடன் வந்த நண்பனைப் பற்றி. அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று அவன்தான் கேட்டுக்கொண்டான். பேசப்போகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். எழுதியதை முதலில் படித்தவனும் அவன்தான்.

நாங்கள் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். பழக்கம் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். இருவருக்கும் விழுப்புரம் பக்கம்தான். அவன் ஊர்த்தெரு, இடைநிலைச் சாதி. நான் காலனி. அவன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். நான் முப்பது வயதைத் தாண்டியும் ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவன். ஒருவரையொருவர் மச்சான், மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். தமிழ்நாட்டு விடுதிகளில் எல்லாரும் அப்படித்தான். இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவுச் சொற்கள். நிஜத்தில் அந்த உறவுக்குப் போனால் என்ன நடக்கும் என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்தச் சொற்களை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம்.

அவன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். திண்டிவனத்தில் மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தியிலேயே உட்கார வைத்துச் சாப்பிட வைத்தான். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவன் வீட்டுக்குள் போனதில்லை. அவனும் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அது எங்களுக்குள் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு.

பயணத்துக்கு வருகிறேன். என் ஆய்வு பஞ்சமி நிலம் பற்றியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-ல் எழுதிய அறிக்கை, அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணை ஆகியவற்றையும் அந்தக் காலத்து வருவாய்த் துறைக் கோப்புகளையும் பார்க்க லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்தது, விமானச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். மீதிக்கு என்ன செய்வது? உதவித்தொகை ஐந்து மாதமாக வந்திருக்கவில்லை.

விசா கேட்கிறவன் முதலில் காட்ட வேண்டியது வங்கிக் கணக்கு. அப்பாவுடைய கணக்கில் நூறு நாள் வேலைக் கூலி வந்து போயிருக்கும், அவ்வளவுதான். நண்பன் சொன்னான்: “நானும் லண்டன் பார்த்ததில்லடா. லீவு போட்டுட்டு வரேன். ரெண்டு பேர் செலவையும் நான் ஏத்துக்கறேன்னு லெட்டர் கொடுக்கறேன். நீ வேலை கிடைச்சதும் திருப்பிக் கொடு.” அந்தக் கடிதத்தில் எங்களுக்குள் என்ன உறவு என்று எழுத வேண்டியிருந்தது. ‘நண்பர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எங்கள் இருவர் பெயரும் அப்படி ஒரு உறவைச் சொல்லி ஒரு தாளில் இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. விசாக் கட்டணம் ஆளுக்கு 115 பவுண்டு. அதையும் அவன்தான் கட்டினான்.

இதைச் சொல்லும்போது எனக்கு நவல் பத்தேனா ஞாபகம் வருகிறார். அண்ணல் அம்பேத்கர் 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அவருடன் தங்கிய பார்சி மாணவர் பத்தேனா. கடைசிவரை நண்பராக இருந்தார். பாதியில் நின்ற லண்டன் படிப்பை முடிக்க 1920-ல் அண்ணல் மறுபடி கப்பலேறியபோது தன் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி, பத்தேனா கடனாகக் கொடுத்த 5,000 ரூபாய் ஆகியவற்றை வைத்துக்கொண்டுதான் போனார். கடன் கொடுக்க ஒரு நண்பன் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை நம் மாணவர்களுக்காக ஏற்பட்டது. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று 2022-ல் விதியை மாற்றினார்கள். நம் பிள்ளை வெளிநாடு போய் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், சாதியை மட்டும் படிக்கக் கூடாது.

2024 ஜூனில் போனோம். கிழக்கு ஹாமில் ஒரு சின்ன அறை. ஒரே கட்டில். ஒரே பாத்திரத்தில் சோறு, அதிலேயே முட்டை. தெருவில் இறங்கினால் தமிழ்க் கடைகள், முருங்கைக்காய், முருகன் கோயில். காலையில் நான் நூலகத்துக்குப் போவேன், அவன் ஊர் சுற்றப் போவான். அதற்கு முந்தைய வருடம் அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலிலிருந்து நூலகம் அப்போதும் முழுதாக மீண்டிருக்கவில்லை. ஒரு கோப்பை எடுத்துவரச் செய்வதற்கே பாதி நாள் போய்விடும். பேனா உள்ளே கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான். கை வலிக்க வலிக்க எழுதினேன்.

செங்கல்பட்டில் பறையர்கள் குடிசை போட்டிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரர் நினைத்தால் குடியிருப்பைவிட்டே விரட்டலாம் என்ற நிலையைத் திரமென்கீர் பதிவு செய்திருக்கிறார். ஒருநாள் மாலை இதை நண்பனிடம் சொன்னேன். “உங்க தெரு யார் இடம்டா?” என்று கேட்டான். ஆதிதிராவிடர் நலத்துறை கையகப்படுத்திக் கொடுத்த மனை என்றேன். “யார்கிட்ட இருந்து?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. யாரிடமிருந்து என்று அவனுக்கே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட கேள்வியைப் பன்னிரண்டு வருடத்தில் அவன் கேட்டதே அன்றைக்குத்தான். அந்நிய ஊர் மனிதனைக் கொஞ்சம் தளர்த்திவிடும் போலிருக்கிறது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அவனுடைய ஒன்றுவிட்ட அத்தை லண்டனில் இருக்கிறார். மருத்துவமனையில் செவிலியர். இருபது வருடமாக எல்லா நாட்டு மனிதர்களையும் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டி மருந்து கொடுத்துவருபவர். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான். ஊரிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று விடுமுறை நாளில் மீன் குழம்பு வைத்து, இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். மாமாவே ரயில் நிலையத்துக்குக் காரில் வந்து அழைத்துப் போனார்.

உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“விழுப்புரம் பக்கம்.”

“விழுப்புரம்னா?”

ஊர்ப்பெயரைச் சொன்னேன்.

“அட, நமக்குப் பக்கம்தான். ஊர்லயே வீடா, வெளியிலயா?”

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனை மாதிரி அது. வலிக்காமல், சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன் சொன்னான்:

“நம்ம ஆளுதான் அத்தை.”

அவ்வளவுதான், வீடே மாறிவிட்டது. “அதான பார்த்தேன், முகத்தைப் பார்த்தாலே தெரியுதே” என்றார் அத்தை. முகத்தில் அப்படி என்ன தெரிந்ததோ! மாமா தோளில் கைபோட்டார். “என்னையும் அத்தைன்னே கூப்பிடு” என்று அவர் சொல்ல, நானும் கூப்பிட்டேன். வஞ்சிர மீனில் நடுத்துண்டு எனக்கு வந்தது. வேண்டாம் என்றாலும் இன்னொன்று. பிள்ளைகள் அண்ணா என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அத்தை தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போனார். ஏரியில் தண்ணீர் வந்த வருடம், கரும்பு வெட்டு, கூத்து. அதில் ‘அவங்க’ என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. ‘அவங்க ஆளுங்க முன்ன மாதிரி இல்ல இப்ப’ என்றார். அந்த ‘அவங்க’ நான்தான். அவர்களுடைய சோபாவில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கை கழுவும்போது கேட்டார்: “கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?” இல்லை என்றேன். “எங்க நாத்தனார் பொண்ணு ஒண்ணு இருக்கு. எம்.எஸ்சி. படிச்சிருக்கு. டாக்டர் பட்டம் வாங்கப் போற மாப்பிள்ளைன்னா விடுவாங்களா? ஜாதகத்தை வாட்ஸ்அப்ல போடு.” நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பல வருடமாக மச்சான், மாப்ள என்று கூப்பிட்ட வார்த்தை அன்றைக்கு நிஜமாக வந்து நின்றது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நானும் சும்மாதான் இருந்தேன். ‘இல்லைங்க, நான் காலனி’ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மேடையில் பேசுகிறவன்தான், கட்டுரை எழுதுகிறவன்தான். சொல்லவில்லை. அதைவிட வெட்கமான விஷயம், அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அத்தை என்று கூப்பிட்டதும் பிடித்திருந்தது, இரண்டாவது துண்டும் பிடித்திருந்தது. ஒரு வீட்டுக்குள் இப்படித்தான் மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தின் மேல்தளத்தில் சண்டை. “உன்ன ஒரு மாதிரி பார்த்துடக் கூடாதுன்னுதான்டா சொன்னேன்” என்றான். “என்ன எங்கடா பார்த்தாங்க? நான் அங்க வரவே இல்லையே” என்றேன். அதற்குப் பிறகு அறைக்குப் போகும்வரை பேசவில்லை. ஒரே கட்டில் என்பதால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டோம்.

அந்த நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2010-ல் சமத்துவச் சட்டம் வந்தபோது, சாதியையும் இனப் பாகுபாட்டின் கீழ் சேர்க்க அரசுக்கு அதிகாரம் தரும் ஒரு பிரிவு வைத்தார்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்று 2013-ல் நாடாளுமன்றம் திருத்தியது. சில இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. கடைசியில் 2018-ல், தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு கைவிட்டுவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருடம் கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேலையிடத்திலும் வாடகை வீட்டிலும் அது உயிர் காக்கும். ஆனால் மீன் குழம்புக்கு முன்னால் கேட்கப்படும் கேள்விக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். 1888-ல் காந்தி லண்டனுக்குக் கப்பலேறியபோது அவருடைய மோத் பனியா சாதியினர் அவரைச் சாதிவிலக்கம் செய்தார்கள். பாவம், வீணாகப் பயந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து, நான்தான் பேச்சைத் தொடங்கினேன். அண்ணல் தங்கியிருந்த வீட்டுக்குப் போகலாம் வா என்றேன். வந்தான். சாக் ஃபார்ம் நிலையத்தில் இறங்கி நடந்தால் கொஞ்ச தூரம்தான். கிங் ஹென்றிஸ் சாலை, 10-ஆம் எண். 1921-22-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படிக்கும்போது அங்கே குடியிருந்தார். 2015-ல் மகாராட்டிர அரசு அந்த வீட்டை வாங்கியது. அருங்காட்சியகமாக வைத்திருக்க அனுமதியில்லை என்று உள்ளூர் நிர்வாகம் சொல்லி, மேல்முறையீடு போய், 2020-ல்தான் பிரச்சினை தீர்ந்தது. செத்து அறுபது வருடம் ஆன பிறகும் அவருக்கு வீடு கிடைப்பதில் சிக்கல்தான்.

ரயிலில் போகும்போது ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அவருடைய தன்வரலாற்றுக் குறிப்பிலிருந்து பரோடா பகுதியை நண்பனுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1917-ல் உதவித்தொகை முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பரோடா அரசில் வேலை செய்ய வருகிறார். வயது 26. கொலம்பியாவில் படித்தவர். ஊரில் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிகளுக்கு மட்டும்தான் இடம். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டு உள்ளே போகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் எல்லாரும் தடிகளை நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் எப்போதும் உறுத்தும். அவர் இரண்டு நண்பர்களைத் தேடிப் போகிறார். ஒருவர் இந்து. நீ வீட்டுக்கு வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் பார்ப்பனராக இருந்து கிறித்தவரானவர். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். இருவரும் நல்லவர்கள். இருவரும் தடி எடுக்கவில்லை. அண்ணல் பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்புகிறார். பத்தேனாவும் பார்சி, தடி எடுத்து வந்தவர்களும் பார்சி என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போனோம். அவர் இருந்த காலத்து அறையைப் போல ஒன்றை அமைத்துவைத்திருக்கிறார்கள். கட்டில், மேசை, புத்தகங்கள். நண்பன் மேசைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். வருகைப் பதிவேட்டில் நான் பெயரும் ஊரும் எழுதினேன். அடுத்து அவன் பேனாவை வாங்கினான், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான், எழுதாமல் மூடி வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். “பொய்ப்பேர் எழுதுன மாதிரி இருக்கும்டா” என்றான். எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. விட்டுவிட்டேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் இரவு அவன் அம்மா கூப்பிட்டார்கள். லண்டன் அத்தை வரன் விஷயமாக ஊருக்குப் பேசியிருக்கிறார். ‘உன் பையன்கூட வந்த தம்பி யார் வீட்டுப் பிள்ளை?’ அம்மாவுக்கு என் பெயரும் தெரியும், தெருவும் தெரியும். ஒரே அறை என்பதால் அவன் பக்கத்துப் பேச்சு எல்லாம் கேட்டது. “ஆமாம்மா, அவன்தான்.” அப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்லை. “எல்லாருக்கும் போட்ட தட்டுலதான்மா.” மறுபடி பேச்சில்லை. “சரிம்மா. சரி. அப்புறம் பேசறேன்.” அந்த வீட்டில் பாத்திரம் கழுவ இயந்திரம் இருந்தது என்பதை அவன் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு இப்படித்தான் புத்தி போகிறது.

மாமா விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். காலையில் வேலை வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாவட்ட ரயிலில் ஏறி, மாறி, பிக்காடிலி ரயிலில் ஹீத்ரோ போனோம். அத்தை வீட்டில் ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு பை வைத்திருந்தார்கள். அதை வாங்கப் போகவில்லை. பெட்டிகளை அவன்தான் இழுத்துக்கொண்டு வந்தான், என்னுடையதையும் சேர்த்து. கொடுடா என்றால் கொடுக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. வாங்கிய பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு எழுதியதை அவனுக்கு அனுப்பினேன். பிடிக்காவிட்டால் பேச மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வந்தது. ஊர் பேர் தெரியாமல் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தான். ஒரே ஒரு இடத்தில் திருத்தம் சொல்லியிருந்தான். ‘எனக்கு அவமானம் வரக் கூடாது என்று நினைத்து அவன் ஒரு பொய் சொன்னான்’ என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே இப்படிப் போட்டிருந்தான்: “உனக்காக இல்லடா. என்னப் பத்தி என்ன நினைப்பாங்களோன்னுதான் சொன்னேன்.”

அந்த வரியை எடுத்துவிட்டேன்.

வரும் பொங்கலுக்கு வீட்டுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறான். அம்மாகிட்ட சொல்லிட்டியா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான். சொல்லிட்டுக் கூப்பிடு, வரேன் என்றேன்.